ஆசிரியருக்குக் காட்டும் பட்டியலை எங்களுக்கும் காட்டுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பொது மாறுதல் கலந்தாய்வு நடத்துகிறீர்கள். எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்தப் பாடத்துக்கு இடம் காலி என்பது எமிஸ் என்கிற உங்கள் துறையின் கல்வித் தகவல் தளத்தில் பள்ளிவாரியாக வந்துவிடுகிறது. ஆசிரியர் அதைப் பார்க்கிறார், வீட்டில் கலந்து பேசுகிறார், பஸ் வசதியை விசாரிக்கிறார், தன் முறை வரும்போது இந்தப் பள்ளிதான் வேண்டும் என்று சொல்லி ஆணையை வாங்கிக்கொண்டு போகிறார். நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதே ஊருக்குப் பிழைப்புக்காகக் குடிவரும் பெற்றோருக்கு என்ன இருக்கிறது? வீட்டுப் புரோக்கர் இருக்கிறார்.

நாங்கள் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தவர்கள். என் கணவருக்கு இங்கே சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. ஓசூருக்கு இது புதுக் கதை இல்லை. டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்த நாளிலிருந்தே தெற்கத்திக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது மின்சார ஸ்கூட்டர், கைபேசி பாகங்கள் என்று புதிய ஆலைகள். 2019-ல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. எங்கள் தெருவில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் திருநெல்வேலிப் பேச்சும், தர்மபுரிப் பேச்சும், தெலுங்கும், கன்னடமும் ஒரே நேரத்தில் காதில் விழும். கம்பெனிக்காரர்கள் ஆள் எடுப்பதற்கு ஜூன் மாதம் என்று ஒன்று கிடையாது. ஆர்டர் வந்தால் செப்டம்பரிலும் எடுப்பார்கள், ஜனவரியிலும் எடுப்பார்கள். அப்பாவுக்கு வேலை கிடைத்த தேதிதான் பிள்ளைக்குப் பள்ளி மாறும் தேதி.

எங்களுக்கு வீடு காட்டிய புரோக்கர்தான் பள்ளியையும் காட்டினார். மெயின் ரோட்டில் இருந்த ஒரு தனியார் பள்ளியைக் கைகாட்டி, "நல்ல ஸ்கூல்க்கா, ரிசல்ட் போர்டைப் பாருங்க" என்றார். பார்த்தேன். பிள்ளைகளின் படமும் மதிப்பெண்ணும் போட்ட ஃபிளெக்ஸ் பெரிதாகத்தான் இருந்தது. பொதுத் தேர்வில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-லேயே நிறுத்தியது உங்கள் துறை. ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. புரோக்கரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிந்தது போர்டுதான். அவர் பிள்ளைகளும் போர்டைப் பார்த்துச் சேர்க்கப்பட்டவர்களாகத்தான் இருக்கும்.

என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு. ஒன்றாவது, இரண்டாவது என்றால் பக்கத்தில் இருக்கிற பள்ளியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒன்பதாவதில் அப்படி முடியாது. அந்தப் பள்ளி பத்தாவதோடு நிற்கிற உயர்நிலைப் பள்ளியா, பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளியா? மேல்நிலை என்றால் பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் இருக்கிறது? உயிரியல் குரூப் தமிழ் வழியிலும் உண்டா, இங்கிலீஷ் மீடியத்தில் மட்டும்தானா? கணினி அறிவியல் இருக்கிறதா? தொழிற்கல்விப் பிரிவு பேருக்கு இருக்கிறதா, நடக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலே, கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருக்கிறதா? ஒன்பதாவதில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த நான்கு வருஷத்தையும் சேர்த்தேதான் தேர்ந்தெடுக்கிறோம். பத்தாவது முடித்த பிறகு அவள் கேட்கும் குரூப் அங்கே இல்லையென்றால் மறுபடியும் டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழ், மறுபடியும் அலைச்சல்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? மளிகைக் கடையில் கேட்டேன். டியூஷன் எடுக்கும் ஒருவரிடம் கேட்டேன். அவர் தன்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளை வைத்துப் பள்ளிகளை மட்டம் தட்டினார். யூடைஸ் தளத்தில் மத்திய அரசு பள்ளிவாரியாக விவரம் போட்டிருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னான். கழிப்பறை எத்தனை, வகுப்பறை எத்தனை, ஆசிரியர் மொத்தம் எத்தனை பேர் என்று அதில் பார்க்கலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கிற அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆள் உண்டா என்கிற ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில் ஒரு அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் அறையில் கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் கறுப்பு வண்ணம் பூசிய ஒரு பலகை. வெள்ளைப் பெயின்டில் கட்டம் போட்டிருந்தது. பாடம், அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலி என்று நான்கு பத்திகள். எண்களை மட்டும் சாக்பீஸில் எழுதியிருந்தார்கள். கணிதம் என்ற வரிசையில் காலி என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"கணக்குக்கு ரெகுலர் போஸ்ட் காலிம்மா. பி.டி.ஏ.ல, அதான் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா, ஒரு பொண்ணு வர்றா. நல்லாத்தான் எடுக்கிறா. ஆனா அடுத்த வருஷமும் இருப்பாளான்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

மறைக்காமல் சொன்ன அந்த அம்மாவை நான் மதிக்கிறேன். ஓசூரில் பள்ளி தேடிய காலம் முழுக்க எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே தகவல் அந்தப் பலகையில் இருந்ததுதான். ஒவ்வொரு தலைமை ஆசிரியர் அறையிலும் அப்படி ஒரு பலகை உண்டு. அதில் உள்ள எண்கள் உங்கள் எமிஸிலும் உண்டு. மாறுதல் கேட்கும் ஆசிரியர் தென்கோடியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிடுகிறார். பெற்றோர் மட்டும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி, வாட்ச்மேனிடம் சொல்லி, ஹெச்.எம். அறைக்குள் போகும் அனுமதி வாங்கி, சுவரை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கம்பெனிக்கு ஷிப்டில் போகிறவர்கள் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அவர்கள் எத்தனை பள்ளிச் சுவரைப் பார்ப்பார்கள்? கடைசியில் போர்டு பெரிதாக உள்ள பள்ளியில் கடன் வாங்கியாவது சேர்த்துவிடுகிறார்கள்.

அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று ஊர்வலம் விடுகிறீர்கள், துண்டறிக்கை கொடுக்கிறீர்கள். நம்பிக்கையோடு வரும் பெற்றோருக்கு அந்தப் பலகையை இணையத்தில் தமிழில் காட்டினால் துண்டறிக்கையைவிட அதிகம் பேர் வருவார்கள் என்பது என் கணக்கு. காலியிடமும் தெரிந்துவிடுமே என்றால், தெரியட்டும். எந்தப் பள்ளியில் கணக்குக்கு ஆள் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரியும் அல்லவா? இன்றைக்கு அது யாருக்கும் தெரியாததால் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கிறது. நன்றாக நடக்கும் பள்ளிக்கும் சேர்த்து.

தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மாநில அளவில் 93.80 விழுக்காடு. பிளஸ் டூவில் 95.03. மாநிலம் முழுவதும் இந்த உயரத்தில் இருக்கும்போது ஒரு பள்ளி 96 எடுத்தது, இன்னொன்று 92 எடுத்தது என்பதை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்வது? அந்த எண் பெற்றோருக்கு உதவுவதைவிட, தலைமை ஆசிரியர்களை மிரட்டுவதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது. மிரண்டுபோன தலைமை ஆசிரியர் நடுவில் வரும் பிள்ளையை எப்படிப் பார்ப்பார் என்பதையும் நான் பார்த்துவிட்டேன். வேறொரு பள்ளியில் என் மகளின் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் "உட்காருங்க" என்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. "ஒன்பதாவதுல செக்‌ஷன் ஃபுல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் கொஞ்சம் மெதுவாகப் படிக்கிற பையன். செக்‌ஷன் நிரம்பிவிட்டது என்று எழுதிக் கொடுங்கள் என்று அக்கா கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு. அவருக்கு அப்படிக் கேட்கத் தோன்றாது, தோன்றினாலும் வாய் வராது. ஊருக்குப் புதியவர்.

தலைமை ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பதற்கு ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையைத்தான் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வந்து சேரும் பிள்ளை வகுப்பறையில் ஓர் இடத்தைப் பிடிப்பான், மதிய வரிசையில் நிற்பான், தேர்ச்சி விழுக்காட்டிலும் ஏறுவான். ஆனால் அந்த ஆண்டின் பணியிடக் கணக்கில் மட்டும் வரமாட்டான். ஆண்டு முழுக்கக் குடும்பங்கள் வந்து இறங்குகிற ஓசூர், திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற ஊர்களில் இந்தக் கணக்கு சரியாக வராது. இந்த ஊர்களுக்கு மட்டுமாவது டிசம்பர் வாக்கில் இன்னொரு முறை எண்ணிப் பார்த்து, கூடின பிள்ளைகளுக்கு ஏற்ப ஆசிரியரை அனுப்ப வழி செய்தால், செக்‌ஷன் ஃபுல் என்ற பேச்சு பாதி குறைந்துவிடும். உபரி ஆசிரியர்களைப் பணி நிரவல் செய்வது உங்களுக்குப் புதிதல்லவே.

அப்புறம் டி.சி. விவகாரம். இப்போது டி.சி. எமிஸ் வழியாகத்தான் வருகிறது. பழைய பள்ளி டி.சி. கொடுத்து, பிள்ளையின் எமிஸ் எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். அதைப் 'பூல்' என்பார்கள். பூலுக்கு வந்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துத் தன் பட்டியலில் ஏற்ற முடியும். "பூல்ல போட்டாச்சா?" என்பதுதான் ஊர் மாறுகிற பெற்றோர் காதில் அதிகம் விழும் கேள்வி. எங்களுக்குப் பழைய பள்ளிக் கிளார்க் ஐயா கேட்ட அன்றே போட்டுக் கொடுத்தார், பெரிய உபகாரம். பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கோ, முன்பு படித்த தனியார் பள்ளியில் கட்டண பாக்கி. பாக்கியைக் கட்டினால்தான் பூலில் விடுவோம் என்று உட்கார்ந்துகொண்டார்கள். பையன் இங்கே ஒரு பள்ளியில் வகுப்பில் உட்காருகிறான், வருகைப் பதிவில் பெயர் இல்லை. எமிஸில் இல்லாத பிள்ளைக்கு ஒன்றுமே வராது. பாடநூலைக்கூட யாரோ விட்டுப்போன பழைய புத்தகமாகத்தான் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் இதற்குத் தெளிவான உத்தரவு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 5-ஆம் பிரிவு, பள்ளி மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும் என்றும், டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏழாவது படிக்கும் தம்பிக்கு உள்ள உரிமை ஒன்பதாவது படிக்கும் அக்காவுக்கு இல்லை. ஒரே வீடு, ஒரே லாரியில் வந்த சாமான், ஒரே காரணம். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஓட்டையைப் பெரிதும் அடைத்தது. டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்றும், சேர்க்கைக்கு டி.சி.யைக் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டண பாக்கியை டி.சி.யில் குறிக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் அரசுக்கு உத்தரவிட்டது. பிறகும் பூல் என்கிற கதவின் சாவி பழைய பள்ளியின் கையிலேயே இருக்கிறது. காகிதத்தில் டி.சி. கேட்கக் கூடாது, சரி. கணினியில் அவர்கள் விடாமல் சேர்க்க முடியாது என்றால் நீதிமன்றம் சொன்னதற்கு என்ன பொருள்? புதிய பள்ளி கேட்டதும், ஒரு வாரத்துக்குள் பழைய பள்ளி விடவில்லையென்றால் எண் தானாகவே பூலுக்கு வரும்படி எமிஸில் மாற்றம் செய்யுங்கள். அதற்குச் சட்டம் தேவையில்லை, உங்கள் கணினிக் குழுவுக்கு ஓர் உத்தரவு போதும்.

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. பள்ளி மாறும்போது பெற்றோர் தெரியாமலே பிள்ளையின் சில உரிமைகளைக் கைநழுவ விடுகிறார்கள். ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆளில்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதைப் பெற ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. இப்போது யோசித்துப் பாருங்கள். ஏழாவது படிக்கும் பிள்ளையோடு ஒரு குடும்பம் நவம்பரில் ஊர் மாறி வருகிறது. அரசுப் பள்ளியில் இடம் இல்லை என்கிறார்கள். பக்கத்தில் உதவிபெறும் பள்ளி இருக்கிறது, அங்கேயும் கட்டணம் பெரிதாக இல்லை, மதிய உணவு உண்டு, புத்தகம் உண்டு. பெற்றோர் கண்ணுக்கு அதுவும் அரசுப் பள்ளி மாதிரிதான். இந்த வருஷம் இங்கே போட்டுவிட்டு அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்க்கிறார்கள். மாற்றியும் விடுகிறார்கள். ஐந்தாறு வருஷம் கழித்துக் கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த ஏழாம் வகுப்பு எதிரே வந்து நிற்கிறது. பிள்ளைக்கு அன்றைக்குப் பன்னிரண்டு வயது.

தமிழ் வழியும் அப்படித்தான். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு 2010-ல் சட்டமானது. 2020-ல் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. ஓசூரில் ஒரு பள்ளியில் "தமிழ் மீடியத்துல பிள்ளைங்க கம்மி, இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடுங்க, ரெண்டு மாசத்துல பழகிடும்" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். பழகியும் இருப்பாள். ஆனால் எட்டு வருஷம் சேர்த்துவைத்த ஒரு தகுதி அன்றோடு போயிருக்கும். அதைப் பற்றி அந்த மேசையில் யாரும் மூச்சு விடவில்லை. அவர்களுக்கே நினைவில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தம்பி வீட்டில் இருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு என்ற கணக்குதான். பிறகு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தீர்கள், நல்லது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காட்டு இடத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடம் அந்தப் பள்ளியோடு சரி. ஊர் மாறினால் கூட வராது.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை. நிபந்தனைகள் எல்லாம் பள்ளி மாறுகிற அந்த ஒரு நாளில், சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்து போடும் நேரத்தில் வந்து கூடுகின்றன. அந்த விண்ணப்பத்தில் என்ன கேட்கிறீர்கள்? சாதி, மதம், ரத்த வகை, ஆதார் எண், வங்கிக் கணக்கு. எல்லாம் கேளுங்கள். கூடவே அரைப் பக்கம் எங்களுக்குச் சொல்வதற்கும் ஒதுக்குங்கள். "உங்கள் பிள்ளை இதுவரை அரசுப் பள்ளியில் / தமிழ் வழியில் படித்துள்ளார். இந்தச் சேர்க்கையால் கீழ்க்கண்ட சலுகைகளில் மாற்றம் வரும்" என்று அச்சடித்து, தலைமை ஆசிரியர் வாசித்துக் காட்டி, பெற்றோர் கையெழுத்து வாங்கட்டும். பிள்ளையின் முந்தைய பள்ளிகள் எல்லாம் எமிஸில் இருக்கின்றன. எந்தச் சலுகை போகும், எது நிற்கும் என்று அந்த எண்ணைத் தட்டினாலே வந்துவிடும்படி செய்யலாம்.

ஓசூருக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சில அரசுப் பள்ளிகளில் தெலுங்கு வழி, கன்னட வழி வகுப்புகளும் உண்டு. எல்லை ஊர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அழகான விஷயம். என் மகள் வந்த புதிதில் தோழிகளின் தெலுங்கைக் கேட்டு மிரண்டாள், இப்போது அவளே கடையில் தெலுங்கில் பேரம் பேசுகிறாள். ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எந்தப் பள்ளியில் எந்த வழி, எந்த வகுப்பு வரை என்பது தெரியாது. பெங்களூரு வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வந்துவிடுகிற குடும்பங்களும் நிறைய. அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாவதில் தமிழ்த் தாள் உண்டு. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ வரும் அப்படிப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் தனியாகத் தமிழ் சொல்லித்தருவார்கள் என்று ஒரு வரி இருந்தால், அந்த அம்மாக்கள் என் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டினால் எனக்குக் கஷ்டமில்லை. நான் காபி போட்டுக் கொடுத்துத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் என் வீட்டு எண் உங்கள் துறையின் உதவி எண்ணான 14417 இல்லையே.

அந்த உதவி எண்ணைப் பற்றியும்தான். 14417 இருக்கிறது, தேர்வு நேரத்தில் பிள்ளைகளுக்கு நல்ல ஆறுதல். அதில் கூப்பிட்டு, "நான் இன்ன ஊரில் இன்ன பகுதிக்குக் குடிவருகிறேன், பிள்ளை ஒன்பதாவது, தமிழ் வழி, பிளஸ் ஒன்னில் உயிரியல் வேண்டும், பக்கத்தில் எந்தப் பள்ளி?" என்று கேட்டால் இரண்டு மூன்று பள்ளிப் பெயரும், அங்கே நிரம்பியுள்ள பணியிட விவரமும் சொல்லும்படி செய்யுங்கள். கணினி பார்க்கத் தெரியாதவர்களும் போன் பேசுவார்கள்.

இப்படிப் பட்டியல் போட்டால் எல்லோரும் நல்ல பள்ளியிலேயே போய் மொய்ப்பார்களே என்று உங்களில் யாராவது கேட்கலாம். இப்போதும் மொய்க்கத்தான் செய்கிறார்கள். கவுன்சிலர் கடிதத்தோடு, தெரிந்த வாத்தியார் சிபாரிசோடு, உள்ளூர்க்காரர்கள் மொய்க்கிறார்கள். பட்டியல் இல்லாததால் நஷ்டப்படுவது ஊரில் யாரையும் தெரியாதவர்கள்தான். தவிர, நான் பள்ளி பார்த்த அனுபவத்தில் பெற்றோர் கேட்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. பாடத்துக்கு ஆள் வேண்டும், பெண் பிள்ளைக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் திரும்பி வரப் பஸ் வேண்டும். சிப்காட் பக்கம் ஷிப்ட் விடும் நேரத்தில் டவுன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவது எப்படி என்பதை ஒரு நாள் வந்து பாருங்கள். என் மகளுக்கு நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்த பள்ளி, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் நடந்தே போகக்கூடிய ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. தமிழ் வழி இருக்கிறது, கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறார். கட்டடம் பழசு. பரவாயில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரைச் சேர்த்திருக்கிறீர்கள். ஓசூர் மாதிரி ஊர்களில் அந்தக் குழுவில் வெளியூரிலிருந்து வந்த பெற்றோர் ஒருவராவது இருக்கட்டும் என்று சொன்னால் போதும். புதிதாக வரும் குடும்பத்துக்குப் பேச ஓர் ஆள் கிடைப்பார். செக்‌ஷன் ஃபுல் என்று வாய் வார்த்தையாகத் திருப்பி அனுப்புவதும் குறையும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் சேர்க்கை மறுத்தால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், பக்கத்தில் எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும் என்று முதன்மைக் கல்வி அலுவலர்கள் ஒரு சுற்றறிக்கை விட்டால் பக்கத்து வீட்டு அக்கா போன்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

பட்டியலை எப்போது போடுவது என்பதும் முக்கியம். குடும்பங்கள் வீடு மாறுவது ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு போட்டால் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து முடித்திருப்பார்கள். பள்ளி எங்கே என்று தெரிந்தால் அதற்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம். இப்போது வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளியைத் தேடுகிறோம். ஆகவே ஏப்ரல் முதல் வாரத்துக்குள் தமிழில், மாநகராட்சி வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக அது வெளிவரட்டும். ஆசிரியர் கலந்தாய்வு முடிந்து இடங்கள் மாறியதும் ஒரு முறை திருத்தி வெளியிடுங்கள். ஆகஸ்ட் 1 கணக்கு முடிந்ததும் இன்னொரு முறை.

இப்படிக்கு,
ஓசூருக்குக் குடிவந்த ஒரு தாய்